சதுரங்கப் பலகையின் எண் 18446744073709551615: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காட்டுக் கணவாயின் கேரளப் பக்கத்தில், சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் போன்ற ஊர்களில், தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிக் கணித மேளா நெருங்கும்போது நம்பர் சார்ட்டுக்கு, அதாவது எண்களின் இயல்புகளை எழுதிக் காட்டும் பெரிய தாளுக்கு, நல்ல எண் ஒன்றைச் சொல்லும்படி அவர்கள் கேட்டால், நான் பெரும்பாலும் சொல்வது இந்த இருபது இலக்க எண்ணைத்தான். அதைப் பற்றி அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. எண் பெரியது என்பதற்காக நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. இதைவிடப் பெரிய எண்ணை யாரும் ஒரு நொடியில் எழுதிவிடலாம். இத்தனை பெரிய எண் இவ்வளவு எளிதாகப் பிரிந்து உள்ளே இருப்பதையெல்லாம் காட்டுவதுதான் அரிது.

இந்த எண்ணைத் தமிழில் எப்படி வாசிப்பது?

நம் வழக்கப்படி காற்புள்ளி இட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615 என்று வரும். கோடிக்கு மேல் நம் பேச்சில் தனிப் பெயர்கள் இன்று வழக்கில் இல்லாததால், கோடியையே இரண்டு முறை பயன்படுத்தி வாசிப்பது தெளிவானது: ஒரு இலட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு இலட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து இலட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. மேளாவில் நடுவர் முன் தடுமாறாமல் இதைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதற்கும் அம்பலப்புழைப் பால்பாயசத்துக்கும் என்ன தொடர்பு?

ஆலப்புழை மாவட்டத்து அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலைப் பற்றிய ஐதிகம் பாலக்காட்டு வீடுகளிலும் சொல்லப்படுவதுதான். முனிவர் வேடத்தில் வந்த கிருஷ்ணன் அரசரைச் சதுரங்கம் ஆட அழைக்கிறார். தாம் வென்றால் பலகையின் முதல் கட்டத்துக்கு ஓர் அரிசிமணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டிப்பாக்கி அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் தந்தால் போதும் என்கிறார். அரசர் தோற்கிறார், களஞ்சியமே தீர்ந்தாலும் கணக்குத் தீராது என்று உணர்கிறார். கடனை நாள்தோறும் பாயசமாக அடைத்துவரும்படி கிருஷ்ணன் அருளினார் என்பது கதையின் முடிவு. கோதுமையை வைத்து இதே கதை மேற்காசியாவிலும் வழங்கியது. 13ஆம் நூற்றாண்டில் இபின் கல்லிக்கான் அதை எழுதிவைத்திருக்கிறார். எல்லாக் கட்டங்களின் மணிகளையும் கூட்டினால் வருவதுதான் நம் எண்.

64 கட்டங்களுக்கும் இரட்டிப்பு என்றால் விடை இரட்டை எண்ணாக அல்லவா வர வேண்டும்? கடைசி இலக்கம் 5 எப்படி?

முதல் கட்டத்தில் இருக்கும் ஒற்றை மணிதான் காரணம். மற்ற 63 கட்டங்களிலும் இரட்டைப்படை எண்ணிக்கையே இருக்கிறது. அவற்றோடு ஒன்று சேரும்போது கூட்டுத்தொகை ஒற்றைப்படை ஆகிறது.

கூட்டுத்தொகையை வேறு விதமாகவும் பார்க்கலாம். முதல் கட்டம் வரை 1, இரண்டாவது வரை 3, மூன்றாவது வரை 7, நான்காவது வரை 15. ஒவ்வொன்றும் அடுத்த கட்டத்தில் வைக்க வேண்டிய மணிகளைவிட ஒன்று குறைவு. மேலும் ஒரே ஒரு மணியை முதல் கட்டத்தில் சேர்த்தால் அங்கே இரண்டாகும்; அது இரண்டாம் கட்டத்தின் இரண்டோடு சேர்ந்து நான்காகும்; அது மூன்றாம் கட்டத்தின் நான்கோடு சேர்ந்து எட்டாகும்; இப்படியே உருண்டுபோய், பலகையில் இல்லாத அறுபத்தைந்தாம் கட்டத்தின் அளவில் நிற்கும். அந்த அளவு 2⁶⁴. ஆகவே மொத்தம் 2⁶⁴ − 1. இந்த '−1' சிறியதாகத் தெரியலாம். கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை அதன் மேல்தான் நிற்கின்றன.

கால்குலேட்டர் இல்லாமல் இதைக் கணக்கிட முடியுமா?

முடியும். அறுபத்து நான்கு முறை இரட்டிப்பாக்கவும் வேண்டாம்; ஆறு முறை வர்க்கப்படுத்தினால் போதும். 2-இன் வர்க்கம் 4, அதன் வர்க்கம் 16, பிறகு 256, பிறகு 65536, பிறகு 4294967296, பிறகு 2⁶⁴. செய்யுள் யாப்பில் குறில் நெடில் அமைப்புகள் எத்தனை வகைப்படும் என்று எண்ணுவதற்காகப் பழங்கால வடமொழி யாப்பிலக்கண ஆசிரியர் பிங்கலர் தம் சூத்திரங்களில் சொல்லும் வழியும் இதுதான்: அடுக்கு இரட்டை எண்ணாக இருந்தால் பாதியாக்கி வர்க்கப்படுத்து, ஒற்றை எண்ணாக இருந்தால் ஒன்றைக் கழித்து இரட்டிப்பாக்கு. 64 என்பது பாதியாக்கிக்கொண்டே போனால் ஒன்றில் வந்து நிற்கும் எண் என்பதால் இரண்டாம் விதிக்கு இங்கே வேலையே இல்லை. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்-பிரூனி சதுரங்கக் கணக்கைச் செய்தபோதும் வர்க்கங்களின் வழியாகவே சென்று இதே இருபது இலக்கங்களை அடைந்தார்.

கடைசி வர்க்கம் மட்டும் சற்று நீளமானது. 4294967296 என்பதை 42949, 67296 என்று ஐந்து ஐந்து இலக்கங்களாக வெட்டிக்கொள்ள வேண்டும். 42949-இன் வர்க்கம் 1844616601. இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 5780591808. 67296-இன் வர்க்கம் 4528751616. முதலாவதைப் பத்து இடமும் இரண்டாவதை ஐந்து இடமும் இடப்பக்கம் நகர்த்தி மூன்றையும் கூட்டினால் 18446744073709551616 கிடைக்கும். ஒன்றைக் கழித்துவிடலாம்.

சரிபார்க்க ஒரு பழைய வழி உண்டு. விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 87. 87-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 6. மறுபக்கம், 2-இன் அடுக்குகளை 9-ஆல் வகுத்தால் மீதிகள் 2, 4, 8, 7, 5, 1 என்று ஆறு அடிக்கு ஒரு முறை திரும்பும். 64-ஐ 6-ஆல் வகுத்தால் மீதி 4 என்பதால், 2⁶⁴-க்கு நான்காவது மீதியாகிய 7 பொருந்தும். ஒன்று கழித்தால் 6. இரண்டும் ஒத்துப்போகின்றன. இது ஒத்துப்போனால் விடை சரி என்று உறுதியாகிவிடாது. ஒத்துப்போகாவிட்டால் தவறு என்பது உறுதி.

அரிசியாக அளந்தால் எவ்வளவு வரும்?

ஒரு கிராமுக்கு 50 மணிகள் என்று வைத்துக்கொள்வோம். பாலக்காட்டு மட்டையரிசி இதைவிடப் பருத்தது, ஆகையால் எடை இன்னும் கூடவே செய்யும். பலகையின் முதல் வரிசை எட்டுக் கட்டங்களில் 255 மணிகள், அதாவது ஐந்து கிராம். இரண்டாம் வரிசை முடியும்போது மொத்தம் ஒரு கிலோ முந்நூறு கிராம் அளவு. மூன்றாம் வரிசை முடிவில் 335 கிலோ, அதாவது ஐம்பது கிலோச் சாக்கு ஏழு. நான்காம் வரிசை முடிவில், அதாவது பாதிப் பலகையில், 86 டன். வாளையார் வழியாக வரும் லாரிகள் சிலவற்றில் அடங்கிவிடும். அரசர் இதுவரை சிரித்துக்கொண்டேதான் இருந்திருப்பார். ஐந்தாம் வரிசை முடிவில் ஏறத்தாழ 22,000 டன். ஆறாம் வரிசை முடிவில் 56 இலட்சம் டன், கேரளம் முழுவதும் பல ஆண்டுகள் விளைவித்தாலும் சேராத அளவு. ஏழாம் வரிசை முடிவில் 144 கோடி டன்.

முழுப் பலகைக்கும் ஏறத்தாழ 36,893 கோடி டன். இந்தியா இப்போது ஆண்டுக்கு 13 முதல் 15 கோடி டன் அரிசி விளைவிக்கிறது. அந்த வேகத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் ஆகும். கனமீட்டருக்கு 800 கிலோ என்று கொண்டு அதைப் பாலக்காடு மாவட்டத்தின் 4,480 சதுர கிலோமீட்டரிலும் சமமாகப் பரப்பினால், அரிசி நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும். கோயிலில் நாளொன்றுக்கு நூறு கிலோ அரிசி பாயசத்துக்குச் செலவாவதாக வைத்துக்கொண்டால், கடன் தீர 1,010 கோடி ஆண்டுகள் வேண்டும். பூமியின் வயதே ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள்தான். பலரும் சார்ட்டை இந்தக் கணக்கோடு முடித்துவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை. எண்ணின் உண்மையான சுவை இனிமேல்தான் தொடங்குகிறது.

இது பகா எண்ணா?

இல்லை. 5-இல் முடிவதாலேயே 5-ஆல் வகுபடும். இலக்கக் கூட்டுத்தொகை 87 என்பதால் 3-ஆலும் வகுபடும். ஆனால் இதோடு நிற்க வேண்டாம். இந்த எண்ணை முழுவதுமாகப் பிரித்துவிடலாம். அதற்கு எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு முற்றொருமை போதும்: இரண்டு எண்களுடைய வர்க்கங்களின் வேறுபாடு என்பது அந்த எண்களின் கூடுதலையும் கழிப்பையும் பெருக்கியதற்குச் சமம்.

2⁶⁴ ஒரு வர்க்கம், 1-உம் ஒரு வர்க்கம். ஆகவே 2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1). இரண்டாவது அடைப்புக்குள் இருப்பதும் மறுபடியும் வர்க்கங்களின் வேறுபாடு, அதையும் பிரிக்கலாம். பிரித்துக்கொண்டே போனால் 2³² + 1, 2¹⁶ + 1, 2⁸ + 1, 2⁴ + 1, 2² + 1, 2 + 1 என்று ஆறு காரணிகள் வந்து, கடைசியில் 2 − 1, அதாவது 1, மிஞ்சும். சிறியதிலிருந்து எழுதினால் அவை 3, 5, 17, 257, 65537, 4294967297. கட்டங்களின் எண்ணிக்கை 64-ஆக இருப்பதால்தான் கழிப்புப் பகுதி ஒவ்வொரு படியிலும் திரும்பப் பிரிகிறது. பலகையில் 63 கட்டங்கள் இருந்திருந்தால் இந்தத் தொடர் அமைந்திருக்காது.

முதல் ஐந்தும் பகா எண்கள். இந்த வகை எண்களுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். 1640-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய கடிதங்களில், இவை எல்லாமே பகா எண்களாக இருக்கும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் பியர் டி ஃபெர்மா நம்பிக்கை தெரிவித்தார். முதல் ஐந்தையும் பார்க்கும் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆறாவது அந்த நம்பிக்கையைக் கலைத்தது: 4294967297 = 641 × 6700417. இந்த இரண்டும் பகா எண்களே. ஆகவே நம் எண்ணின் முழுமையான பகாக் காரணிகள் 3, 5, 17, 257, 641, 65537, 6700417 என்னும் ஏழு. எதுவும் இரண்டாம் முறை வருவதில்லை.

641 என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஃபெர்மாவின் கருத்தைப் பற்றி கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் 1729-இல் இன்னொரு கணித அறிஞரான ஆய்லருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அந்த ஆண்டைப் பார்த்ததும் நமக்கு இராமானுஜனின் எண் நினைவுக்கு வருவது தற்செயல்தான். 1732-இல் ஆய்லரின் விடை வந்தது. அப்போது அவருக்கு 25 வயது. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்க்கவில்லை. 2³² + 1-ஐ வகுக்கும் பகா எண், 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய வடிவில்தான் இருக்க முடியும் என்பது அவருடைய திறவுகோல். அந்த வடிவிலுள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. ஐந்தாவதிலேயே விடை சிக்கிவிடுகிறது. 1878-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா இந்த நிபந்தனையை இன்னும் இறுக்கி, 128-இன் மடங்கோடு ஒன்று என்று ஆக்கினார். அதன்படி பார்த்தால் 257-க்கு அடுத்ததே 641.

வகுத்துப் பார்க்காமலே 641 வகுக்கும் என்று காட்டும் ஒரு நிறுவலும் உண்டு. அது பிற்காலத்தவர் கண்டது. 641 = 5 × 2⁷ + 1 என்பதையும் 641 = 5⁴ + 2⁴ (625 + 16) என்பதையும் கவனியுங்கள். முதல் சமன்பாட்டின்படி 5⁴ × 2²⁸ − 1 என்ற எண் 641-ஆல் வகுபடும், ஏனென்றால் நான்காம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதற்கு 5 × 2⁷ + 1 ஒரு காரணி. இரண்டாம் சமன்பாட்டை 2²⁸-ஆல் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³² என்ற எண்ணும் 641-ஆல் வகுபடும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மிஞ்சுவது 2³² + 1. இரண்டும் 641-ஆல் வகுபடுவதால் வேறுபாடும் வகுபட்டே ஆக வேண்டும். சார்ட்டில் இடம் குறைவாக இருந்தால் வேறு எதை விட்டாலும் இந்த நாலு வரியை விடாதீர்கள்.

மொத்தம் எத்தனை எண்களால் வகுபடும்?

ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள். ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம். எனவே 2-ஐ ஏழு முறை பெருக்க, 128 வகுத்திகள். 1-உம் அந்த எண்ணும் இதில் அடக்கம்.

7, 11, 13 ஆகியவற்றால் வகுபடுமா?

வகுபடாது. மீதிகள் முறையே 1, 4, 2.

இது வர்க்க எண்ணாக இருக்க முடியுமா?

5-இல் முடியும் வர்க்கங்கள் எல்லாம் 25-இல் முடியும். இது 15-இல் முடிகிறது. அதையும் பார்க்கத் தேவையில்லை: இதற்கு அடுத்த எண்ணே ஒரு வர்க்கம், அடுத்தடுத்த இரண்டு எண்கள் வர்க்கங்களாக வருவது 0, 1 ஆகியவற்றில் மட்டும்தான்.

வடிவங்களை வரைந்து காட்டும் ஜியோமெட்ரிக்கல் சார்ட்டுக்கும் இந்த எண் பயன்படுமா?

பயன்படும், அதுவும் இரண்டு வழிகளில்.

முதலாவது, அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையும் ஒழுங்கு பல்கோணங்கள். முக்கோணத்தையும் ஐங்கோணத்தையும் பதினைங்கோணத்தையும் கிரேக்கர்கள் வரைந்தார்கள். அதன் பிறகு இரண்டாயிரம் ஆண்டுகளாகப் புதிதாக ஒரு பகா எண் பக்கங்கள் கொண்ட பல்கோணம் சேரவில்லை. 1796-இல், பத்தொன்பது வயது நிரம்புவதற்கு முன்பே, ஜெர்மானியக் கணித அறிஞர் காஸ் 17 பக்கப் பல்கோணத்தை வரைய முடியும் என்று நிறுவினார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்கு பல்கோணத்தை வரைய வேண்டுமானால், பக்கங்களின் எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனை கட்டாயமானது என்பதற்கான முழு நிறுவலை 1837-இல் வான்ட்செல் தந்தார். இதுவரை அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 என்னும் ஐந்துதான், ஐந்தும் நம் எண்ணுக்குள் இருக்கின்றன. அவற்றை எல்லா விதமாகவும் பெருக்கினால் 31 பல்கோணங்கள் கிடைக்கும். அவற்றுள் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள்; அது பாதிப் பலகையின் அரிசிமணிகளுக்குச் சரியாகச் சமம். 65537 பக்கப் பல்கோணத்தை வரையும் முறையை எழுதுவதற்காக ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தார். அவருடைய கையெழுத்துப் படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அந்த உழைப்பைப் பாராட்டுவதா பரிதாபப்படுவதா என்பது அவரவர் விருப்பம்.

இரண்டாவது வழி எனக்கு அதிகம் பிடித்தது. பள்ளியில் பாஸ்கல் முக்கோணம் என்று கற்பதை, பிங்கலருக்கு உரை எழுதிய ஹலாயுதர் 10ஆம் நூற்றாண்டிலேயே மேரு பிரஸ்தாரம் என்ற பெயரில் விளக்கியிருக்கிறார். அதை 64 வரிசைகள் வரை வரைந்து, ஒற்றை எண்கள் உள்ள இடங்களை 1 என்றும் இரட்டை எண்கள் உள்ள இடங்களை 0 என்றும் மாற்றுங்கள். இப்போது ஒவ்வொரு வரிசையையும் இரும எண்ணாக வாசித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வரும். ஐந்தாம் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்: 1 4 6 4 1 என்பது 10001 ஆகிறது, அதன் மதிப்பு 17. முதல் 32 வரிசைகளில் 1-ஐ விட்டுவிட்டால் மிஞ்சும் 31-உம் மேலே சொன்ன பல்கோணங்களின் பக்க எண்ணிக்கைகளே. முப்பத்து மூன்றாம் வரிசையில் ஆய்லர் உடைத்த 4294967297 வந்து நிற்கிறது. அறுபத்து நான்காம் வரிசை முழுவதும் ஒன்றுகளாகவே இருக்கும். அதன் மதிப்பு நம் எண். இடையிலுள்ள எல்லா வரிசைகளும் நம் எண்ணை மீதியின்றி வகுக்கும். 128 வகுத்திகளில் பாதி இந்தப் படத்தில் கிடைத்துவிடுகின்றன; 641-உம் 6700417-உம் பிரிந்து வரும் மற்றப் பாதிதான் படத்துக்கு எட்டவில்லை. ஒன்றுகளுக்கு மட்டும் வண்ணம் தீட்டினால், முக்கோணத்துக்குள் முக்கோணமாகத் திரும்பத் திரும்ப வரும் சியர்பின்ஸ்கி வடிவம் தானாகவே தெரியும்.

பலகையின் நடுவில் எங்காவது நிறுத்தினால் மொத்தம் பகா எண்ணாக வருமா?

ஒன்பது இடங்களில் வரும்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61 ஆகிய கட்டங்களோடு நிறுத்தினால். கட்டத்தின் வரிசை எண் பகா எண்ணாக இருப்பது கட்டாயம், ஆனால் அது மட்டும் போதாது. 11ஆம் கட்டம் வரை வரும் 2047 என்பது 23 × 89. இவ்வாறு கிடைக்கும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். 1644-இல் மெர்சென் வெளியிட்ட பட்டியலில் 61 விடுபட்டுப் போயிற்று. 31ஆம் கட்டத்து மொத்தமான 2147483647 பகா எண் என்று 1772-இல் ஆய்லர் நிறுவினார். 61ஆம் கட்டத்து மொத்தமான 2305843009213693951-ஐ 1883-இல் பகா எண் என்று நிறுவியவர், ருஷ்யக் கிராமம் ஒன்றில் பாதிரியாராக இருந்த பெர்வூஷின்.

காசியில் தங்கத் தட்டுகளை நகர்த்தும் கோபுரக் கதையிலும் இதே எண் வருகிறதே?

வருகிறது. அந்தப் புதிரை 1883-இல் வெளியிட்டவர், மேலே சொன்ன லூக்காதான். மூன்று கம்பிகள், அவற்றுள் ஒன்றில் பெரியதன் மேல் சிறியதாக அடுக்கிய 64 தட்டுகள். சிறியதன் மேல் பெரியதை வைக்காமல், ஒரு நேரத்தில் ஒரு தட்டாக, எல்லாவற்றையும் வேறு கம்பிக்கு மாற்ற வேண்டும். கடைசித் தட்டை நகர்த்துவதற்கு முன் மேலுள்ள அத்தனையையும் ஒரு முறையும், நகர்த்திய பின் மறுபடியும் ஒரு முறையும் மாற்ற வேண்டியிருப்பதால், ஒவ்வொரு தட்டு கூடும்போதும் எண்ணிக்கை இரட்டித்து ஒன்று கூடும்: 1, 3, 7, 15. சதுரங்கப் பலகையின் கூட்டுத்தொகைகளும் இவையே. காசிக் கோயிலில் அப்படி நடக்கிறது என்பது விளையாட்டை விற்க எழுந்த கற்பனை. நொடிக்கு ஒரு தட்டு என்று இரவு பகலாக நகர்த்தினாலும் ஏறத்தாழ 58,454 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதாகிய 1,380 கோடி ஆண்டுகளைப்போல் 42 மடங்கு.

விரிதாளில் இந்த எண்ணைத் தட்டினால் 18446744073709500000 என்று ஏன் மாறிவிடுகிறது?

விரிதாள் மென்பொருள்கள் பொதுவாக எண்களின் முதல் 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சுழியாக்கிவிடும். சார்ட்டுக்கு அச்செடுக்கும்போது இந்தத் தவறு கண்ணில் படாமல் போய்விடலாம். எண்ணை உரையாகத் தட்டுவது பாதுகாப்பானது. நிரல் எழுதும் மாணவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: வழக்கமான தசம வகை மாறிகளில் 53 இரும இலக்கங்களே துல்லியமாக நிற்கும். 2⁶⁴ என்பதில் ஒரே ஒரு ஒன்று இருப்பதால் அது அப்படியே அடங்கிவிடும். நம் எண்ணோ இருமத்தில் அறுபத்து நான்கு ஒன்றுகள்; அதை வைக்க இடம் போதாமல் 2⁶⁴ என்றே சேமிக்கப்படும். அங்கே ஒன்றைக் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் விடை ஒன்றுதான்.

முழு எண் வகையில் இந்தச் சிக்கல் இல்லை. குறியில்லாத 64 பிட் மாறியில் வைக்கக்கூடிய மிகப் பெரிய எண்ணே இதுதான். அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் சுழிக்குத் திரும்பிவிடும். இதன் தம்பியாகிய 2147483647-ஐ, அதாவது 31 கட்டங்களின் மொத்தத்தை, உலகம் ஏற்கெனவே ஒரு முறை தொட்டுவிட்டது. 2014-இல் தென்கொரியப் பாடல் ஒன்றின் பார்வைகள் அதைக் கடந்தபோது, யூடியூப் தன் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றியிருந்தது. அடுத்ததாக, நேரத்தை 1970-இலிருந்து நொடிகளாக எண்ணும் பழைய 32 பிட் கணினிகள், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8:44:07-க்கு அதே எண்ணைத் தொடும்.

இந்த எண்ணின் அக்கம்பக்கத்தில் சொல்லத்தக்க எண்கள் உண்டா?

மேலே ஒன்று தள்ளி 2⁶⁴. அதற்கு 2-ஐத் தவிர வேறு பகாக் காரணி இல்லை. இரண்டு தள்ளினால் 18446744073709551617, ஏழாவது ஃபெர்மா எண். அதுவும் பகா எண் அன்று: 274177 × 67280421310721 என்று பிரியும். கிளவுசன் 1855-லேயே இதைக் கண்டு காஸுக்கு எழுதியிருந்தார், ஆனால் அது வெளியே தெரியவில்லை. 1880-இல் லாந்த்ரி என்ற முதியவர் மீண்டும் கண்டுபிடித்தார். பலகையில் 128 கட்டங்கள் இருந்தால் நம் எண்ணையும் இந்த எண்ணையும் பெருக்கியதே மொத்தம். பகாக் காரணிகள் ஏழிலிருந்து ஒன்பதாக உயரும்.

கீழே ஒன்று தள்ளினால் வருவது 63 கட்டங்களின் மொத்தத்தைப் போல் இரண்டு மடங்கு. அந்த மொத்தத்தின் காரணிகள் 7, 7, 73, 127, 337, 92737, 649657. நம் எண்ணைப் போலன்றி இதில் 7 இரண்டு முறை வருகிறது. மிக அருகிலுள்ள பகா எண்களைத் தேடினால், மேல்பக்கம் 2⁶⁴-ஐவிட 13 அதிகமாகவும் கீழ்ப்பக்கம் 59 குறைவாகவும் இருக்கின்றன. அந்த இரண்டுக்கும் இடையில் வேறு எதுவும் பகா எண் இல்லை. கீழேயுள்ளதைச் சார்ட்டில் எழுத விரும்புவோர் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் மாற்றினால் போதும்: 18446744073709551557.